கண்புரை நீக்கிய மௌஸில் மருத்துவர் அம்மார் இப்னு அலீ

இறைவன் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளுள் பார்வை தலையாயது. இருக்கும் வரை அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. மங்கத் தொடங்கிய பின்னரே தெரிகிறது. நம் குடும்பங்களில் அறுபது வயதைக் கடந்த பெரியவர்கள் பலர் கண்புரையால் பார்வை குன்றி, மருத்துவமனைக்குச் சென்று, சிறியதோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெரும்பாலும் அன்றே இல்லம் திரும்புகின்றனர். கட்டை அவிழ்த்ததும் பேரப்பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. இன்று இவ்வளவு எளிதாகிவிட்ட இச்சிகிச்சை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எத்துணை அச்சத்திற்குரியதாக இருந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் இந்நோய்க்குப் புதியதொரு வழியைக் கண்ட மருத்துவர் அபுல் காஸிம் அம்மார் இப்னு அலீ அல்மௌஸிலீ ஆவார்.

இவரைப் பற்றி நம்மிடையே இருவகை நிலைகள் காணப்படுகின்றன. பெரும்பாலோர் இவர் பெயரையே கேள்வியுற்றதில்லை. கேள்வியுற்றவர்களில் சிலரோ, இன்றைய கண்புரை அறுவை சிகிச்சை முழுவதையும் இவரே கண்டுபிடித்துவிட்டார் என்று கூறிவிடுகின்றனர். மறதியும் மிகைப்படுத்தலும் ஒரு மேதைக்குச் செய்யும் நீதியாகா. அம்மார் செய்தது என்ன, அதன் பயன் எதுவரை சென்றது, அதன் எல்லை எது என்பதை உள்ளபடி அறிந்துகொண்டாலே அவருடைய பெருமை நமக்கு நன்கு விளங்கும்.

மௌஸில் நகரும் அக்காலச் சூழலும்

இன்றைய ஈராக்கின் வடபகுதியில், திஜ்லா நதிக்கரையில் அமைந்துள்ள மௌஸில் பழம்பெரும் வணிக நகரமாகும். ஆற்றின் எதிர்க்கரையில் பண்டைய நினவா நகரின் இடிபாடுகள் உள்ளன. மெல்லிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் வழங்கிய மஸ்லின் என்னும் பெயர் இந்நகரின் பெயரிலிருந்தே பிறந்தது. இந்நகரில், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அம்மார் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே பக்தாத் நகரம் மருத்துவ நூல்களின் கருவூலமாகத் திகழ்ந்தது. கி.பி. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர், கிரேக்க மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொண்டு வந்ததோடு, கண் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு நூலையும் இயற்றியிருந்தார். அவருக்குப் பின் வந்த அர்ராஸீ அவர்கள் முன்னோர் கூறியவற்றையெல்லாம் திரட்டி, தம் சொந்த அனுபவத்தையும் சேர்த்து எழுதினார். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஒரே அரபு மொழியில் மருத்துவம் பயின்று, ஒருவர் நூலை மற்றவர் படித்து வளர்த்த காலம் அது. அந்த அறிவுச் சூழலே அம்மாருக்கு அடித்தளமாக அமைந்தது.

அக்காலத்தில் கண் மருத்துவரை அரபு மொழியில் கஹ்ஹால் என்று அழைத்தனர். குஹ்ல் என்றால் கண்ணில் இடும் மை. நாம் சுருமா என்று வழங்குவது போன்றது. கண்ணில் மருந்திட்டுப் பிழைப்பவர் என்பது அப்பெயரின் பொருள். மற்ற மருத்துவத் துறைகளோடு ஒட்டியிருந்தாலும் கண் மருத்துவம் தனித்துறையாகவே வளர்ந்தது. சந்தைகளிலும் வழிப்பாதைகளிலும் திரிந்து, கண்ணில் ஊசி போட்டுவிட்டுப் பணத்துடன் ஊர் மாறிவிடும் போலி வைத்தியர்களும் அக்காலத்தில் இருந்தனர். எனவே நல்ல கஹ்ஹால் ஒருவர் தம் நேர்மையைத் தம் செயலால் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

ஊர் ஊராகச் சென்ற மருத்துவர்

அம்மார் ஓரிடத்தில் அமர்ந்து தொழில் செய்தவர் அல்லர். ஈராக்கிலிருந்து கிழக்கே குராஸான் வரையிலும், மேற்கே ஷாம், ஃபலஸ்தீனம் வழியாக எகிப்து வரையிலும் அவர் பயணம் செய்தார். சென்ற இடங்களிலெல்லாம் நோயாளிகளைப் பார்த்தார். அறுவை சிகிச்சை செய்தார். வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு வயதினர், வெவ்வேறு தொழிலினர் எனப் பலதரப்பட்ட கண்களைக் காணும் வாய்ப்பு இப்பயணங்களால் அவருக்குக் கிடைத்தது.

இறுதியில் அவர் எகிப்தில் தங்கினார். அப்போது கெய்ரோவில் ஃபாத்திமிய்ய ஆட்சியாளர் அல்ஹாகிம் ஆட்சி புரிந்து வந்தார். அவருடைய ஆட்சிக்காலம் கி.பி. 996 முதல் 1021 வரையாகும். 1005ஆம் ஆண்டு அவர் கெய்ரோவில் தாருல் இல்ம் என்னும் அறிவகத்தை நிறுவி, நூல்களைத் திரட்டி, அறிஞர்களுக்கு ஆதரவளித்தார். ஒளியும் பார்வையும் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற பஸ்ராவின் இப்னுல் ஹைதம் அவர்கள் கெய்ரோவுக்கு வந்ததும் இந்த ஆட்சியாளரின் காலத்தில்தான். ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே நாம் காண்கிறோம் என்று நிறுவிய அறிஞரும், ஒளி நுழையும் வழியை மறைத்த புரையை அகற்றிய மருத்துவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நகரில் பணியாற்றினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கண்புரை குறித்து அன்று நிலவிய கருத்து

அம்மாரின் பணியை அறிய, அவர் காலத்தில் கண்புரை பற்றி மருத்துவர்கள் என்ன கருதினர் என்பதை முதலில் அறிய வேண்டும்.

கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்று உள்ளது. அது பளிங்கு போல் தெளிவாக இருக்க வேண்டியது. வயது முதிர்வாலோ, காயத்தாலோ, வேறு காரணங்களாலோ அவ்வில்லை மங்கி வெண்மையாவதே கண்புரை. இதனை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் கிரேக்கர் காலத்திலிருந்து வந்த கருத்து வேறாக இருந்தது. மூளையிலிருந்து ஒருவகை நீர் கீழிறங்கி, கருமணிக்கும் வில்லைக்கும் இடையே தங்கி, உறைந்து திரை போலாகிவிடுகிறது என்று அவர்கள் எண்ணினர். அதனால்தான் அரபு மருத்துவர்கள் இந்நோயை இறங்கும் நீர் என்று பெயரிட்டனர். அவர்கள் நூல்களைப் பின்பற்றிய ஐரோப்பியரும் அருவி என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் இதனை வழங்கினர். இன்றைய மருத்துவத்தில் வழங்கும் கேட்டராக்ட் என்னும் சொல் அதன் வழிவந்ததே. மங்குவது வில்லையே என்னும் உண்மை 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே படிப்படியாக உறுதிப்பட்டது. 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிஸோ, இறந்தவரின் கண்ணை அறுத்துப் பார்த்து இதனை எடுத்துக்காட்டினார்.

அன்று இந்நோய்க்கு இருந்த சிகிச்சை, புரையை ஊசியால் கீழே தள்ளுவதாகும். நம் நாட்டின் சுஸ்ருத சம்ஹிதையிலும் இம்முறை கூறப்பட்டுள்ளது. கிரேக்க, ரோமானிய மருத்துவர்களும் இதனை அறிந்திருந்தனர். கண்ணின் வெண்பகுதியில், கருவிழியின் ஓரத்திற்குச் சற்றுத் தள்ளி ஊசியைச் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வையின் வழியிலிருந்து அகற்றிக் கீழே அமுக்கி விடுவர். வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். வழி திறந்ததால் ஒளி உள்ளே செல்லும். நோயாளிக்கு மங்கலாகவேனும் பார்வை திரும்பும்.

இதிலுள்ள துன்பங்கள் பல. கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து அக்காலத்தில் இல்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெயின் மருந்தைக் கண்ணுக்குப் பயன்படுத்திக் காட்டும் வரை உலகில் எங்குமே அத்தகைய வசதி இருக்கவில்லை. நோயாளி முழு உணர்வுடன் அமர்ந்திருக்க, உதவியாளர் பின்னிருந்து தலையைப் பற்றிக்கொள்ள, மருத்துவர் ஊசியைச் செலுத்துவார். கிருமிகளைப் பற்றி எவரும் அறிந்திராததால் கண்ணில் சீழ் பிடித்து, இருந்த சிறு வெளிச்சமும் போய்விடுவதுண்டு. எல்லாம் நன்றாக நடந்தாலும் மற்றோர் இடர் காத்திருந்தது. கீழே தள்ளிய புரை மீண்டும் மேலெழுந்து பார்வையை மறைக்கக்கூடும். ஆகவே சிகிச்சைக்குப் பின் நோயாளி இருண்ட அறையில், தலையை அசைக்காமல், பல நாட்கள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இருமலோ தும்மலோ வாந்தியோ வந்தால் செய்த வேலை பாழாகிவிடும்.

அர்ராஸீ அவர்கள் முதுமையில் பார்வை இழந்தபோது, சிகிச்சை செய்துகொள்ளுமாறு பிறர் கூறியும் அதை ஏற்க மறுத்துவிட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். மருத்துவமே வாழ்வாகக் கொண்ட பெருமகனாரே தயங்கினார் எனில், எளிய மக்களின் அச்சம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

திபரிய்யாவில் வந்த நோயாளி

கீழே தள்ளிய புரை மீண்டும் எழும் இடரை அம்மார் தம் அனுபவத்தில் நன்கு அறிந்திருந்தார். புரையைக் கண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதால்தானே இத்துன்பம்; அதனை வெளியே எடுத்துவிட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதற்கெனத் துளையுள்ள உலோக ஊசி ஒன்றை வடிவமைத்தார். வெண்பகுதி வழியாக அவ்வூசியைச் செலுத்தி, அதன் முனை புரையை அடைந்ததும், மறுமுனையிலிருந்து உறிஞ்சினால் புரை ஊசியின் துளை வழியே வெளியேறிவிடும் என்பது அவர் எண்ணம்.

ஊசி தயாராகிவிட்டது. ஆயினும் அதனை உடனே எவருடைய கண்ணிலும் அவர் பயன்படுத்தவில்லை. இது மிகவும் கவனிக்கத்தக்கது. புதிய கருவி கையில் இருப்பதாலேயே அதனைச் சோதித்துப் பார்க்க ஓர் ஏழையின் கண்ணைத் தேடிச் செல்பவராக அவர் இல்லை. பழைய முறையால் பயன்பெறக்கூடியவருக்குப் பழைய முறையே போதும் என்று அவர் பொறுத்திருந்தார் போலும். கருவி அவருடன் பயணம் செய்துகொண்டே இருந்தது.

ஃபலஸ்தீனத்தில் கலீலேயா ஏரிக்கரையில் உள்ள திபரிய்யா என்னும் நகருக்கு அவர் வந்தபோது, கண்புரையுற்ற ஒருவர் சிகிச்சை வேண்டி அவரிடம் வந்தார். தம் கண்ணுக்கு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றும், ஆனால் தம்மால் மல்லாந்து படுக்க மட்டும் இயலாது என்றும் அவர் தெரிவித்தார்.

வேறு மருத்துவராயின் இந்நோயாளியைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஏனெனில் மல்லாந்து படுக்க இயலாதவருக்குப் புரையைத் தள்ளும் சிகிச்சை பயன்படாது. எழுந்த மாத்திரத்தில் புரை மேலே வந்துவிடும். சிகிச்சையின் விதிக்கு நோயாளி பொருந்தவில்லை என்பதே அங்கிருந்த சிக்கல். அம்மார் நோயாளியைக் கைவிடவில்லை. நோயாளிக்குப் பொருந்தும் சிகிச்சையை எடுத்தார். அதுவரை எவருக்கும் பயன்படுத்தாத குழல் ஊசியை அன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தார்.

ஊசி உள்ளே சென்றது. புரை உறிஞ்சி எடுக்கப்பட்டது. அந்த மனிதர் உடனே கண்டார். மல்லாந்து படுக்க வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை. தாம் விரும்பியவாறு உறங்கினார். ஏழு நாட்கள் கண்ணில் கட்டு மட்டும் போட்டு வைத்திருந்தார் அம்மார். அதன் பின்னர் எகிப்தில் அதே ஊசியைக் கொண்டு பலருக்குச் சிகிச்சை செய்ததாக அவரே பதிந்துள்ளார்.

பெயரும் தெரியாத அந்தத் திபரிய்யா நோயாளி, தமக்கு இயலாததை மறைக்காமல் எடுத்துரைத்தார். மருத்துவர் அதனைச் செவிகொடுத்துக் கேட்டார். கண் மருத்துவ வரலாற்றின் குறிப்பிடத்தக்க ஒரு முன்னேற்றம் இவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த எளிய உரையாடலில் பிறந்தது.

அல்முன்தகப் என்னும் நூல்

தம் அனுபவங்களை அம்மார் எகிப்தில் நூலாக எழுதி, ஆட்சியாளர் அல்ஹாகிமுக்குச் சமர்ப்பித்தார். கண் பற்றிய அறிவிலும், மருந்தாலும் இரும்பாலும் அதற்குச் செய்யும் சிகிச்சையிலும் தேர்ந்தெடுத்தவை என்பது அந்நூற்பெயரின் பொருள். சுருக்கமாக அல்முன்தகப் என்பர். இரும்பு என்று அங்கே கூறப்படுவது அறுவைக் கருவிகளையாகும்.

நூல் அளவில் சிறியது. கண்ணின் அமைப்பைக் கூறி, பின்னர் இமை தொடங்கிக் கண்ணின் உட்பகுதி வரையிலான 48 நோய்களை விளக்குகிறது. பிற நூல்களில் காணும் நீண்ட தத்துவ விவாதங்கள் இதில் குறைவு. தாம் கண்டதையும் செய்ததையும் தெளிவாகவும் ஒழுங்காகவும் எழுதிச் செல்கிறார்.

இந்நூலின் தனிச்சிறப்பு, கண்புரைச் சிகிச்சை பெற்ற நோயாளிகள் அறுவரைப் பற்றிய தனித்தனிக் குறிப்புகளாகும். இன்னாருக்கு இவ்வாறு நோய் இருந்தது, இவ்வாறு சிகிச்சை செய்யப்பட்டது, இன்ன விளைவு ஏற்பட்டது என்று ஒவ்வொன்றையும் அவர் பதிவு செய்துள்ளார். இன்றைய மருத்துவ இதழ்களில் நோயாளி ஒருவரின் வரலாற்றை எழுதி, பிற மருத்துவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ளச் செய்வர். அம்முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அம்மார் கண்புரைக்குக் கையாண்டார். எல்லாக் கண்களும் ஒன்றல்ல என்பதையும், ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதையும் அக்குறிப்புகள் மாணவருக்கு உணர்த்தின.

குழல் ஊசியைக் கையாண்டதில் தமக்கு முன்னோடி எவரும் இல்லை என்று அம்மார் எழுதுகிறார். இவ்விடத்தில் நாம் நிதானமாக நோக்க வேண்டும். புரையை வெளியே எடுப்பது பற்றிய சில குறிப்புகள் பண்டைய கிரேக்க மருத்துவர் அன்டில்லஸ் பெயரால் அர்ராஸீயின் நூலில் இடம்பெற்றுள்ளன. எனவே எண்ணமே முற்றிலும் புதியது என்று கூறுவதற்கில்லை. துளையுள்ள உலோக ஊசியைத் தாமே வடிவமைத்து, அதனால் சிகிச்சை செய்து, நோயாளிக்கு நேர்ந்ததையும் எழுதி வைத்ததே அம்மாரின் சாதனை. அவரும் இந்த ஊசியளவிலேயே உரிமை கொண்டாடினார்.

ஊசியின் பயனும் எல்லையும்

இந்த முறை ஏன் உலகெங்கும் உடனே பரவவில்லை என்னும் கேள்வி எழலாம். இதற்குரிய விடை கண்ணின் அமைப்பிலேயே உள்ளது.

இளம் வயதில் கண்ணின் வில்லை மென்மையாக இருக்கும். இளைஞர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் ஏற்படும் புரை பெரும்பாலும் குழைவாக இருப்பதால் மெல்லிய குழாய் வழியே உறிஞ்ச முடியும். வயது ஏற ஏற வில்லையின் நடுப்பகுதி கெட்டியாகிவிடும். முதியோரின் கெட்டிப் புரையை ஊசித் துளை வழியே எடுப்பது இயலாத செயல். கண்புரையால் துன்புறுவோரில் பெரும்பான்மையினர் முதியோரே என்பதால், அம்மாரின் ஊசி குறிப்பிட்ட சிலருக்கே பயன்பட்டிருக்க முடியும். உறிஞ்சும்போது வில்லைக்குப் பின்னுள்ள பளிங்குநீரும் சேர்ந்து வெளியேறினால் கண்ணே சுருங்கிவிடும் இடரும் இருந்தது. மிகத் தேர்ந்த கைகளுக்கே உரிய சிகிச்சையாக அது நின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. அதே காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா என்னும் கண் மருத்துவர் தத்கிரத்துல் கஹ்ஹாலீன் என்னும் பெருநூலை இயற்றினார். கண்ணின் அமைப்பு, வெளியே தெரியும் நோய்கள், உள்ளே மறைந்திருக்கும் நோய்கள் என மூன்று பகுதிகளாக விரிந்த அந்நூல் அம்மாரின் நூலைவிட விரிவானது. மாணவர்களுக்குப் பாடநூலாக அதுவே நிலைத்தது. அம்மாரின் சிறு நூல் அதன் நிழலில் மறைந்துபோயிற்று.

நூல் கடந்து வந்த பாதை

மறைந்துபோயினும் அது அழிந்துவிடவில்லை. அதற்குக் காரணம் பிற்கால அறிஞர்கள் அதனைப் படித்துப் படியெடுத்து வந்ததேயாகும். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய, 1270இல் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ, அம்மாரைப் புகழ்பெற்ற கஹ்ஹால் என்றும், மருந்திலும் அறுவையிலும் வல்லவர் என்றும் குறிப்பிட்டுள்ளார். 13ஆம் நூற்றாண்டில் ஹலப் நகரின் கலீஃபா இப்னு அபில் மஹாஸின் என்பவர் கண் மருத்துவக் கருவிகளைப் படமாக வரைந்து எழுதிய நூலிலும், ஹமா நகரின் ஸலாஹுத்தீன் இப்னு யூஸுஃப் என்பவரின் நூலிலும் குழல் ஊசி பற்றிய செய்தி இடம்பெற்றது.

அதே நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த நாதன் என்னும் யூத அறிஞர் அம்மாரின் நூலை ஹீப்ரு மொழியில் பெயர்த்தார். லத்தீன் மொழி பேசிய ஐரோப்பாவில் நடந்ததோ விந்தையானது. கனமுஸாலி என்னும் பெயரில் கண் மருத்துவ நூல் ஒன்று அங்கே வழங்கி வந்தது. 1497இல் வெனிஸ் நகரில் அச்சேறவும் செய்தது. அல்மௌஸிலீ என்னும் பெயரின் திரிபே அது. ஆனால் அந்நூலுக்குள் இருந்தது அம்மார் எழுதியதன்று. பிறர் எழுதியதற்கு அவர் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. பல நூற்றாண்டுகள் ஐரோப்பா அவரை அறிந்தது இப்பொய்ந்நூலின் வழியாகவே. உண்மை நூலோ கையெழுத்துப் பிரதிகளாக நூலகங்களில் உறங்கிக்கிடந்தது.

அதனை எழுப்பியவர் ஜெர்மனியின் பெர்லின் நகரக் கண் மருத்துவர் யூலியுஸ் ஹிர்ஷ்பெர்க். கண்ணில் புகுந்த இரும்புத் துகளை மின்காந்தத்தால் வெளியே எடுக்கும் முறையால் பெயர் பெற்ற இவர், கண் மருத்துவத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுத முனைந்தார். அரபு வல்லுநர்களான லிப்பர்ட், மிட்வோக் ஆகியோருடன் சேர்ந்து ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகப் பிரதியையும் ஹீப்ரு மொழிபெயர்ப்பையும் ஆராய்ந்து, 1905இல் அம்மாரின் நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அரபுக் கண் மருத்துவர்களுள் சுயசிந்தனை மிக்கவர் அம்மாரே என்பது அவர் கண்ட முடிவு. பின்னர், கெய்ரோவில் கண் மருத்துவராகப் பணியாற்றிய மாக்ஸ் மேயர்ஹோஃப், கண்புரைச் சிகிச்சை பற்றிய பகுதியைத் தனியே எடுத்து 1937இல் வெளியிட்டார். அம்மார் ஊசி பிடித்த அதே நகரில், அவருக்கு 900 ஆண்டுகளுக்குப் பின், மற்றொரு கண் மருத்துவர் அவர் எழுத்துக்களுக்கு உயிரூட்டினார். இவ்வறிஞர்கள் இல்லையேல் இக்கட்டுரையை எழுதுவதற்கே செய்தி கிடைத்திராது. நன்றியுடன் இதனை நினைவுகூர்வது நம் கடமை.

பின்னர் உலகம் கண்ட வளர்ச்சி

புரையைத் தள்ளும் பழைய முறை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. உலகப் புகழ் பெற்ற இசைமேதை பாஃக் 1750இல் அவ்வாறு சிகிச்சை பெற்றுப் பார்வையிழந்து அவ்வாண்டே மறைந்தார். பிரான்ஸின் ஜாக் தாவியெல் 1747இல் கருவிழியின் ஓரத்தை அறுத்துத் திறந்து, மங்கிய வில்லையை வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கினார். 115 பேருக்குச் செய்ததில் 100 பேருக்கு வெற்றி கிட்டியதாக அவர் வெளியிட்டார். முதியோரின் கெட்டிப் புரைக்கும் அதனால் வழி பிறந்தது.

1847இல் பாரிஸ் நகரின் லோஜியே, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சும் முறையைப் புதிதென அறிவித்தார். அவ்வாண்டிலேயே ஸிஷெல் என்னும் கண் மருத்துவர், அரபு மருத்துவர்கள் இதனை முன்னரே அறிந்திருந்தனர் என்று பழைய நூல்களிலிருந்து எடுத்துக்காட்டினார். 1949ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி, எடுத்த வில்லைக்குப் பதிலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், செவிக்குப் புலப்படாத நுண்ணொலி அதிர்வினால் கெட்டிப் புரையையும் கூழாக்கி, சிறு துளை வழியே உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். பற்களைச் சுத்தம் செய்யும் நுண்ணொலிக் கருவியைப் பல் மருத்துவரின் இருக்கையில் அமர்ந்திருந்தபோது கண்டதே அவருக்கு வழிகாட்டியது.

கெல்மன் அம்மாரின் நூலைப் பார்த்துத் தம் முறையை அமைத்தார் என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். மரத்துப்போகும் மருந்து, கிருமி நீக்கம், நுண்ணோக்கி, நுண்ணொலி ஆகிய அனைத்தும் ஒன்றுசேர்ந்த பின்னரே இன்றைய சிகிச்சை பிறந்தது. ஆயினும் கண்ணைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளை வழியே புரையை உறிஞ்சி எடுத்தால் நோயாளி படுத்த படுக்கையாய்க் கிடக்க வேண்டியதில்லை என்னும் அடிப்படை உண்மையை, திபரிய்யா நோயாளியின் கண்ணில் அம்மார் அன்றே கண்டுவிட்டார்.

நமக்குரிய படிப்பினை

அம்மாரின் வாழ்விலிருந்து நாம் பெற வேண்டிய படிப்பினைகள் இரண்டு.

முதலாவது, துன்பப்படுபவரின் சொல்லைக் கேட்பது. விதிக்குள் அடங்காத ஒருவர் வந்து நிற்கும்போது அவரைத் திருப்பி அனுப்புவது எளிது. அவருக்கென வழி தேடுவதே அறிவுக்கும் இரக்கத்திற்கும் அடையாளம். மருத்துவருக்கு மட்டுமன்றி, பிறர் தேவைகளை நிறைவேற்றும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, செய்ததை உள்ளபடி எழுதி வைப்பது. எகிப்தில் பலருக்கு அவர் பார்வை அளித்தார். அவர்களெல்லாம் மறைந்துவிட்டனர், அந்த ஊசியும் இன்றில்லை. ஆறு நோயாளிகளைப் பற்றிய சில ஏடுகளே எஞ்சியுள்ளன. அவ்வேடுகள் இல்லையெனில் அம்மார் என்றொருவர் வாழ்ந்ததன் சிறப்பை எவரும் அறிந்திரார். அவர் நூலைப் பேணி மீட்டவர்களும் பல சமயத்தினர், பல நாட்டினர். அறிவு தன்னைப் பேணுபவரிடமே தங்கும் என்பதற்கு இது தக்க சான்று.

மருத்துவமும் செவிலியமும் மருந்தியலும் பயிலும் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் முன்னோரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நின்றுவிடாமல், அவர்களைப் போல் கற்று, ஆராய்ந்து, எழுதி வைத்து, மக்களின் துயர் துடைக்க முன்வர வேண்டும். அதற்கு வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.